நண்டுத் தராசும் சிப்பிச் சவுக்காரமும்

தாழ்வுபாட்டில் பயம் என்ற பேருக்கு யாராவது கடிதம் போட்டால், தபாற்காரர் விசாரிக்காமலே அதை மதலேனாவின் படலையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அவளுக்குக் கடல் என்றால் பயம். மீன்பிடிக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது சின்னக் குறை இல்லை. கழுதை என்றாலும் பயம். மன்னார்த் தீவில் இது அதைவிடப் பெரிய குறை. இங்கே ரோட்டில் மனிதர் விலகுவதா கழுதை விலகுவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தெரியாத நம்பரில் போன் அடித்தால் எடுக்கவும் மாட்டாள், நிறுத்தவும் மாட்டாள். அது தானாக ஓயும்வரை கதிரை நுனியில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியைத் தேடிப்பிடித்துத்தான் ஒரு தொண்டு நிறுவனம் அவள் கையில் கோஸ்டிக் சோடாவைக் கொடுத்தது.

பெண்களின் வாழ்வை உயர்த்தும் திட்டம். மன்னார் ரவுணில் மண்டபம் பிடித்து, பதாகை கட்டி, விளக்கேற்றி, சிற்றுண்டியும் கொடுத்து, வீட்டிலேயே குளிக்கிற சவுக்காரம் செய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். முடிவில் ஆளுக்கொரு சான்றிதழும், ரோசாப்பூ, இருதயம், சிப்பி என்று மூன்று வடிவத்தில் சிலிக்கோன் அச்சுகளும் கிடைத்தன. தராசு இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள். நிறுவனம் இப்போது வேறு மாவட்டத்தில் வேறு பெண்களை உயர்த்திக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கட்டத்தை இதுவரை யாரும் கண்ணால் காணவில்லை.

பயிற்சி தந்த ஜெனிற்றா மிஸ், சோடாவை அலுமினியத்தில் கரைக்கக் கூடாது என்று சொல்லத்தான் செய்தார். ஆனால் மதலேனா பயத்தில் கடைசி வரிசையில் இருந்தாள். அங்கே மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிற அலுமினியச் சட்டியில் கரைத்தாள். சட்டி சீறியது. கறுப்பாக நுரை பொங்கி, அடுப்பில்லாமலே கொதித்து, மூக்கை அறுக்கிற புகையை விட்டது. அவள் முற்றத்துக்கு ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் அடங்கியபிறகு போய்ப் பார்த்தால் சட்டியின் உள்பக்கம் கரிக்கட்டை போலக் கறுத்து, அடியில் ஓட்டை விழுந்து வெளிச்சம் தெரிந்தது.

"சட்டியையே தின்னுறது மனுசரை விடுமோ?" என்று அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அவளுக்கே பதில் தெரியும்.

அதன்பிறகு சோடா கரைக்கிற நாளில் அவள் கோலமே வேறு. புருசன் றோயின் நீளக் களிசான், முழங்கை வரை கையுறை, கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் வினாகிரிப் போத்தல், கழுத்தில் செபமாலை. அடுத்த வளவில் கருவாடு காயப்போடும் சிசிலியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லுவாள்: "என்னடி மதலேனா, சவுக்காரம் காய்ச்சிறியோ, கண்ணிவெடி எடுக்கிறியோ?"

இவ்வளவு பயந்தவள் ஏன் விடவில்லை என்றால், அந்த அச்சுதான் காரணம். ஊற்றிய சவுக்காரம் இறுகியபிறகு, ரப்பரைப் போல வளைகிற அந்த அச்சின் முதுகில் பெருவிரலை வைத்து மெல்ல அமுக்கினால், முழுச் சிப்பி ஒன்று உள்ளங்கையில் வந்து விழும். அந்த ஒரு கணத்தில் மட்டும் மதலேனாவுக்கு உலகத்தில் எதற்கும் பயம் இருக்காது. ஆனால் சிப்பியின் வரிகள் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வந்தன. குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் ஒட்டாது என்றார் மிஸ். வைத்தாள். ஒட்டவில்லை, ஆனால் சவுக்காரம் பாரை மீன் மணத்தது.

அந்த வருசம் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்குப் புதுப் பங்குச் சுவாமி வந்திருந்தார். இளம் ஆள், யோசனைகள் நிறைய. தவக்காலம் தொடங்குமுன்பே பங்குக் கூட்டத்தில் எழும்பி நின்றார்.

"பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுறம் எண்டு சொல்லி மூண்டு சொட்டுத் தண்ணி தெளிக்கிறம். ஆண்டவர் தன்ர அப்போஸ்தலருக்கு அப்பிடியோ செய்தவர்? இந்த வருசம் உண்மையாக் கழுவுவம். சவுக்காரம் போட்டுக் கழுவுவம். அதுவும் எங்கட ஊர்ச் சவுக்காரம்."

எல்லாத் தலையும் மதலேனாவின் பக்கம் திரும்பியது. "பேரே மதலேனா. ஆண்டவற்ற காலைக் கண்ணீரால கழுவினவளின்ர பேர். பாதத்துக்கு இவளைவிட்டா ஆர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்குப் பயம். ஆகவே ஓம் என்றாள்.

ஜெனிற்றா மிஸ் அளந்து கட்டித்தந்த சோடாப் பைக்கற்றுகள் முடிந்துவிட்டன. ஹாட்வெயார் கடையில், குழாய் அடைப்பு எடுக்க விற்கிற சோடாவை வாங்கிவந்தாள். நிறுக்கத் தராசு வேண்டும். றோய் போகிற வள்ளத்தின் சொந்தக்காரர் சூசையப்புச் சம்மாட்டி. ஊரின் நண்டை எல்லாம் வாங்குகிறவரும் அவர்தான். அவரிடம் சிவப்பு எழுத்து மின்னுகிற சின்னத் தராசு ஒன்று இருந்தது. கோயில் வேலை என்றதும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார்.

அந்தத் தராசைப் பற்றித் தாழ்வுபாட்டில் தெரியாத ஆள் இல்லை. கிலோவுக்கு நூற்றைம்பது கிராமை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். "கூடையில கிடந்த நண்டு கடிக்காது, தராசில ஏறினாத்தான் கடிக்கும்" என்று பெண்கள் சிரிப்பார்கள். சம்மாட்டிக்குக் கேட்காத தூரத்தில் சிரிப்பார்கள். மதலேனாவும் சிரித்திருக்கிறாள். சிரித்தவள்தான் சோடாவை அதில் வைத்து, சிவப்பு எழுத்தில் வேண்டிய இலக்கம் வரும்வரை கவனமாக மேலும் மேலும் போட்டாள். அது நண்டைத்தான் தின்னும் என்று மனதில் எங்கேயோ இருந்தது. தேங்காயெண்ணெயை நிறுக்கவில்லை, சங்கக்கடையில் வாங்கிய போத்தல்கள், அளவு வெளியில் அச்சடித்திருந்தது. எண்ணெயையும் அதே தராசில் வைத்திருந்தால் களவும் களவும் சமப்பட்டு, சவுக்காரம் சரியாகவே வந்திருக்கும். நாட்டில் பல காரியங்கள் அப்படித்தானே ஓடுகின்றன. இங்கே ஒரு பக்கம் மட்டும் நேர்மையாகப் போய்விட்டது.

தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனன்று ஊற்றினாள். மறுநாள் அச்சை அமுக்கினால், என்ன அதிசயம்! ஒட்டவே இல்லை. ஒரு வரி பிய்யவில்லை. சிப்பிகள் டக்கென்று கழன்று விழுந்தன. சுண்டினால் கோப்பை போலச் சத்தம் கேட்டது. மேலே வெள்ளையாக ஒரு தூள் படிந்திருந்தது. அது வழக்கம்தான் என்று மிஸ் சொல்லியிருக்கிறார்.

"விபூதிப் புதனில பிறந்தது, விபூதி பூசிக்கொண்டே வந்திருக்கு" என்றார் மாமனார் எமிலியாம்பிள்ளை.

சவுக்காரம் காய்ந்து பக்குவப்பட நாற்பது நாள் வேண்டும். அலுமாரிக்கு மேலே தட்டில் அடுக்கி, துணி மூடி, அதையும் தவக்காலம் அனுசரிக்க விட்டாள். தன் வாழ்க்கையிலேயே திறமான வேலை இதுதான் என்று நினைத்தாள். அவ்வளவு இறுக்கமும் சோடா கூடிப்போனதால் வந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

எமிலியாம்பிள்ளைக்குச் சீனி வருத்தம். வலது காலில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பாதத்தின் அடியில் ஒரு புண் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்தது. அந்தக் காலுக்கு உணர்வே இல்லை. ஒருநாள் செருப்புக்குள் ஏறிய ஆணியோடு கடற்கரை வரை போய்வந்து, வாசலில் இரத்தத்தைக் கண்டு, "ஆரின்ர காலடா இது?" என்று கேட்ட மனுசன். இனி அந்தக் காலில் ஒரு காயம் பட்டால் முழங்காலோடு எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் மதலேனாவிடம்தான் சொன்னார். புண்ணுக்குத் தினமும் மருந்து கட்டுகிறவள் அவள்தான்.

அந்த மனுசன்தான் இந்த வருசம் பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவர்.

"மாமா, கேட்டால் இடது காலைக் குடுங்கோ" என்று அவள் முன்பே சொல்லிப் பார்த்தாள்.

"ஆண்டவரிட்ட இடது காலையோ நீட்டுறது? விசர்க்கதை கதைக்காத பிள்ளை."

பெரிய வியாழன் பின்னேரம் கோயில் காரியம் பார்க்கிற கபிரியேல் மூப்பர் வந்து, பின்னல் துணி விரித்த தட்டில் சிப்பிகளை ஏந்திக்கொண்டு போனார். மாமாவும் வெள்ளை வேட்டி சேட்டோடு அவருடைய ஓட்டோவிலேயே ஏறிக்கொண்டார். ஓரம் உடைந்த ஒரு சிப்பி மட்டும் வீட்டில் மிஞ்சியது. மதலேனா மீன் வெட்டிவிட்டு, கிணற்றடியில் அதைப் போட்டுக் கைகழுவினாள். கை எரிந்தது. மீன் முள் குத்தியிருக்கும் என்று நினைத்தாள். தலைக்கு வார்த்து, கோயிலுக்கு உடுத்துக்கொண்டு, வாளியை எடுத்துவைக்க மறுபடி கிணற்றடிக்கு வந்தாள். சிப்பி ஒரு பழைய அலுமினியத் தட்டில் ஈரத்தோடு கிடந்தது. எடுத்து நிமிர்த்தினாள்.

தட்டில், சிப்பி கிடந்த இடத்தில், சிப்பியின் வடிவத்திலேயே கறுப்பு.

அந்தக் கறுப்பு அவளுக்குத் தெரிந்த கறுப்பு.

மிஸ் சொல்லித்தந்து, பயத்தில் அவள் இதுவரை செய்துபார்க்காத ஒரு சோதனை இருந்தது: நாக்கு நுனியால் பட்டும் படாமலும் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டாள். பற்றரியை நக்கியதுபோல் சுரீர் என்று இழுத்தது. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அங்கால் சிசிலியா யாரிடமோ முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்துக் கிலோ நண்டு இருக்கும், அள்ளின எனக்குத் தெரியாதே? எட்டரை எண்டு காட்டுது அந்தச் சனியன் பிடிச்ச தராசு!"

மதலேனாவுக்குக் கணக்கு விளங்கியது. பத்தை எட்டரை என்று காட்டுகிற தராசு, சோடாவையும் குறைத்துத்தான் காட்டியிருக்கும். குறையக் குறைய அவள் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள். மிச்சச் சோடா முழுக்க அந்த வடிவான சிப்பிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுவாமி அதை நுரைக்க நுரைக்க மாமாவின் திறந்த புண்ணில் தேய்ப்பார். மாமா கத்தமாட்டார். எரிகிறது என்று காலை இழுக்கமாட்டார். சிரித்துக்கொண்டே இருப்பார். அதுதான் பயங்கரம்.

மூப்பருக்குப் போன் அடித்தாள். நிற்பாட்டி வைத்திருந்தார். றோயின் சைக்கிளை எடுத்தாள். கோயில் ஒழுங்கையில் கழுதைகள் குறுக்கே நின்றன. எப்போதும் அவற்றைக் கண்டால் இறங்கி, வேலியோடு ஒட்டி, தூசணம் மாதிரி ஒரு செபத்தை முணுமுணுத்துக்கொண்டு போகிறவள், இன்றைக்கு மணியை அடித்துக்கொண்டே நடுவால் விட்டாள். கழுதைகள்தான் பயந்து விலகின.

கோயில் நிரம்பி வழிந்தது. பிரசங்கம் முடிந்து, பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதற் கதிரை அப்போஸ்தலரின் தலைவர் இராயப்பருடையது. அது வருசா வருசம் சூசையப்புச் சம்மாட்டிக்கு. கடைசிக் கதிரையைக் காட்டிக்கொடுத்த யூதாசின் கதிரை என்று ஊரில் யாரும் விரும்புவதில்லை. கூட்டத்துக்கு வராதவனின் தலையில்தான் கட்டுவார்கள். இந்த வருசம் எமிலியாம்பிள்ளை தானே கேட்டு வாங்கினார். "கால் நீட்ட இடம் இருக்கு. யூதாசெண்டால் என்ன? அவனுக்கும் கழுவினவர்தானே."

மதலேனா பெண்கள் பக்கக் கதவில் நின்று பார்த்தாள். மாமாவின் வலது கால் தெரிந்தது. அவள் காலையில் கட்டிய சீலைக் கட்டை மனுசன் அவிழ்த்துவிட்டார். ஆண்டவருக்கு முன்னால் கந்தலோடு போகக் கூடாது என்று நினைத்திருப்பார்.

பாட்டுத் தொடங்கியது. சுவாமி இடுப்பில் துவாய் கட்டிக்கொண்டு முதற் கதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டார். சம்மாட்டியின் கால் வருசக்கணக்காகக் கடலில் இறங்காத கால். சப்பாத்துக்குள் வளர்ந்து, பாண் போல மெத்தென்று இருந்தது. சுவாமி விரலிடுக்கு எல்லாம் விட்டுத் தேய்த்தார். நல்ல நுரை.

கத்த வேண்டும். ஒரு சொல் போதும். மதலேனா வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. சின்ன வயதில், யுத்தத்துக்குத் தப்பித் தலைமன்னாரிலிருந்து இருட்டில் இந்தியாவுக்குப் போன வள்ளத்தில், தாயின் கை அவள் வாயை மூடியிருந்தது. "சத்தம் போட்டால் எல்லாரும் சாவம் பிள்ளை." கரை சேர்ந்தபிறகு தாய் கையை எடுத்துவிட்டாள். எடுத்தது மதலேனாவுக்கு மட்டும் இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

அவள் சுவரோரமாக மூப்பரிடம் போனாள். "மூப்பர்..." என்றது காற்றாய் வந்தது. "சவுக்காரம்..."

"உஷ்! நல்லாத்தான் நுரைக்குது பிள்ளை. ஒண்டுக்கும் பயப்பிடாத" என்று அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். வாழ்நாள் முழுக்கப் பயந்தால் இதுதான் வரும். உண்மையாகப் பயப்பட ஒன்று இருக்கிற நாளில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

சுவாமி கதிரை கதிரையாக நகர்ந்தார். மற்றவர்கள் கடற்காரர். உப்பும் வெயிலும் மணலும் பதப்படுத்திய பாதங்கள். அவற்றில் சோடா என்ன, சுத்தியலே வேலை செய்யாது. ஆனால் சுவாமி ஒவ்வொரு காலுக்குப் பிறகும் தன் விரல்களைத் துவாயில் அழுத்தித் துடைத்துக்கொள்வதை மதலேனா கண்டாள். இன்னும் மூன்று கதிரை. இரண்டு.

குரல் வராது என்று தெரிந்ததும் கால் தானாகக் கிளம்பியது. பாட்டின் நடுவில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, அவள் கோயில் நடுவால் நடந்துபோய்க் கடைசிக் கதிரைக்கு முன்னால் விழுந்து, மாமாவின் காலைத் தூக்கி மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பாதத்தில் கொட்டியது. தலைக்கு வார்த்துக் கட்டாமல் விட்டிருந்த மயிர் முன்னால் சரிந்து காலை மூடியது.

கோயிலில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது.

"பிள்ளை, என்ன விசர் வேலை இது? விடு காலை!" மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சுவாமி வந்து அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார். "என்னம்மா மதலேனா?"

"சுவாமி, அது எரிக்கும். சோடா கூடிப்போச்சு. இவருக்குப் புண். இவருக்குத் தெரியாது. இந்தக் காலுக்கு வேண்டாம் சுவாமி, கும்பிட்டன்."

சுவாமி தன் கைகளைப் பார்த்தார். விரல்கள் அவித்த இறால் நிறத்தில் சிவந்திருந்தன. "அதுதானே," என்றார் மெதுவாக. "நான் நினைச்சன், எனக்குத்தான் பாவசங்கீர்த்தனத்தில சொல்லாத பாவம் ஏதோ பாக்கி இருக்கு எண்டு."

அவர் சிப்பியைத் தட்டில் வைத்தார். கையை நன்றாக அலசிவிட்டு, எமிலியாம்பிள்ளையின் பாதத்தில் வெறும் தண்ணீரை ஊற்றி, ஒற்றி, முத்தமிட்டார். பிறகு எழும்பி மூப்பரைப் பார்த்து, "எல்லாற்ற காலுக்கும் இன்னொருக்காத் தண்ணி ஊத்துங்கோ. நிறைய ஊத்துங்கோ" என்றார். சனம் இதையும் புதுச் சடங்கு என்று நினைத்துக்கொண்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்கள். கண்ணீராலும் கூந்தலாலும் பாதத்தைத் துடைத்தாளாம். பேருக்கேற்ற பிள்ளையாம். வருசா வருசம் அவளே செய்ய வேண்டுமாம். மதலேனாவுக்கு அதைக் கேட்கப் புதிதாக ஒரு பயம் பிடித்தது.

பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில் ஒருவர் மட்டும் நொண்டினார். பக்தி என்று சிலர் நினைத்தார்கள். சனிக்கிழமை அவர் மதலேனாவின் முற்றத்தில் வந்து நின்றார். வலது கால் விரலிடுக்கு எல்லாம் தோல் உரிந்து, செருப்புக்கூடப் போடமுடியாத சூசையப்புச் சம்மாட்டி.

றோயின் வேலை இந்த மனுசனின் வள்ளத்தில். மதலேனா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தைக் காய்ச்சினனீ? காலைப் பார்! சவுக்காரத்துக்குள்ள என்ன போட்டனீ?"

"மிஸ் சொன்ன அளவுதான் சம்மாட்டி." குரல் நூல்போல வந்தது. ஆனால் வந்தது. "சோடாவை... உங்கட தராசிலதான் வைச்சுப் பாத்தனான்."

வேலிக்கு மேலால் சிசிலியாவின் தலை உதித்தது.

"ஏன் சம்மாட்டி, தராசு பிழையோ? நாங்கள் கேள்விப்படேல்லையே."

"ஆர் சொன்னது பிழை எண்டு?"

"அப்ப சவுக்காரமும் சரிதானே. உங்கட கால்தான் பிழை."

வீட்டுக்குள் எமிலியாம்பிள்ளை இருமினார். சிரிப்பையும் அப்படி இருமலாம். சம்மாட்டி நொண்டிக்கொண்டு போனார்; படலையைச் சாத்தக்கூட இல்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து றோய் கடற்கரையிலிருந்து வரும்போது கையில் ஒரு பெட்டி. புதுத் தராசு, ஒரு கிராமும் பிசகாதாம். சம்மாட்டியின் அன்பளிப்பு. கூடவே ஒரு சொல்லும் வந்தது: "இது சவுக்காரத்துக்கு மட்டும். கடற்கரைப் பக்கம் கொண்டரப்படாது." கடற்கரையில் பழைய தராசு பழையபடி வேலை செய்தது.

மதலேனா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இரவில் அது உள்ளே இருந்து மின்னுவதுபோல் அவளுக்குத் தோன்றும். சோடா தின்னுவது சட்டியைத்தான். இது எதைத் தின்னும் என்று சொல்லமுடியாது.

அந்தக் கிழமையே ஒரு மத்தியானம் சிசிலியா வந்தாள். வழக்கம்போல வேலிக்கு மேலால் இல்லை, படலையால், மெதுவாக. சேலைக்குள் ஈரமான ஒரு பை அசைந்துகொண்டிருந்தது.

"கடற்கரைக்குக் கொண்டு போகமுதல் ஒருக்காப் பாப்பமெண்டு," என்றாள். "சும்மா. எங்கட அறிவுக்கு."

"ஐயோ, எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா."

"உனக்கு எப்பதான் பயமில்லை? கொண்டா தராசை."

மதலேனா யன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். கையுறையைப் போட்டாள், கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள், செபமாலையைக் கழுத்தில் விட்டுக்கொண்டாள். பிறகு அலுமாரியைத் திறந்து தராசை எடுத்துவைத்து, அதன்மேல் நண்டை ஏற்றினாள்.